நிற்க இடமில்லாத நாலு வழிச்சாலை

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு லோடு ஏற்றிப் போகும் டிரைவரிடம் வழி கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயர்கள் வராது. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று டோல்கேட் பெயர்கள்தான் வரும். ஏறக்குறைய 245 கிலோமீட்டர் தூரத்தில் அவர் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டிய இடங்கள் இந்த நாலும்தான். கோவில்பட்டி, கயத்தாறு, பாளையங்கோட்டை, வள்ளியூர், பணகுடி எல்லாம் பைபாஸுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

டோல்கேட் எத்தனை தூரத்துக்கு ஒன்று வைக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி, ஒரே தடத்தில் இரண்டு டோல்கேட்டுகளுக்கு நடுவில் 60 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். விதிவிலக்கும் உண்டு, அதை வைத்து நடக்கும் சண்டைகளும் உண்டு. ஆனால், லாரியை ஓரங்கட்டி இரண்டு மணி நேரம் கண்ணை மூட எத்தனை தூரத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்கு அந்த மாதிரி விதி கிடையாது. கொள்கை மட்டும் இருக்கிறது: 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்று. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், டோல்கேட் கட்டாமல் கட்டணம் வசூலிக்க முடியாது. ஓய்விடம் கட்டாமல் தாராளமாக வசூலிக்கலாம்.

2025 ஜூலையில் இதே நாலு டோல்கேட்டுகளின் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. அரசுப் பேருந்துகள் கட்ட வேண்டிய சுங்கப் பாக்கி 276 கோடி ரூபாய் என்பது வழக்கு. பஸ்களையே உள்ளே விடக்கூடாது என்கிற அளவுக்கு விஷயம் முற்றி, தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. கட்டணத்துக்காக இவ்வளவு தூரம் போகிற சாலை, அந்தக் கட்டணத்துக்குப் பதிலாக டிரைவருக்கு என்ன தருகிறது என்ற கேள்வியை யாரும் அந்த அளவுக்குக் கொண்டுபோகவில்லை.

பழைய ஏழாம் நம்பர் ரோடு ஊருக்குள் புகுந்து புகுந்து வந்த ரோடு. அதில் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு ஓய்விடம் என்று தனியாக ஒன்று தேவைப்பட்டதில்லை. கோவில்பட்டியில் பஞ்சர் கடை, கயத்தாற்றில் டீ, நெல்லை ஜங்ஷனைத் தாண்டி வண்ணார்பேட்டையில் தாமிரபரணி ஆற்றில் ஒரு முங்கு, வள்ளியூரில் மெஸ். ரோட்டோரப் புளியமரமும் வேப்பமரமும் பகல் தூக்கத்துக்கு நிழல். தோட்டத்தில் பம்புசெட் ஓடினால் குளியல். இதில் எதையும் நெடுஞ்சாலைத் துறை கட்டவில்லை. ஊர்கள் தங்கள் பிழைப்புக்காக நடத்தின. நாலு வழிச்சாலை போட்டபோது மரங்கள் வெட்டுப்பட்டன, ஊர்கள் ஒதுக்கப்பட்டன. அதுவரை இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தவை என்னென்ன என்று யாரும் பட்டியல் போட்டுப் பார்க்கவில்லை. பட்டியலில் இல்லாததால் மதிப்பீட்டிலும் வரவில்லை.

மங்கம்மாள் சாலை என்று இன்றும் இந்தப் பக்கம் சொல்கிற தடத்தில் சாலையும் சத்திரமும் மரமும் சேர்ந்தே வந்தன என்பார்கள். அதைச் சொல்லிப் பெருமூச்சு விட எனக்கு ஆசையில்லை. மாட்டுவண்டிக்கும் இருபத்திரண்டு சக்கர டிரெய்லருக்கும் தேவை ஒன்றல்ல. பைபாஸ் வந்ததால் ஊருக்குள் விபத்து குறைந்தது, நேரம் மிச்சமானது. அதை மறுப்பதும் சரியில்லை. போன வசதிக்கு மாற்று யார் பொறுப்பு என்பதை எழுதி வைக்காமல் விட்டதுதான் கோளாறு.

இந்தத் தடத்தில் என்னென்ன வண்டி ஓடுகிறது என்று பார்த்தால்தான் பிரச்சினையின் கனம் தெரியும். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள், அங்கிருந்து வரும் உப்பு லோடு, நிலக்கரி. தாழையூத்து சிமெண்ட். கங்கைகொண்டான் சிப்காட் சரக்கு. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி, பட்டாசு. களக்காடு, ஏர்வாடி வாழைத்தார். கேரளாவுக்குப் போகும் ஜல்லி, எம்.சாண்ட், இவை ஒரு பக்கம் புளியரை வழியாகவும் இன்னொரு பக்கம் களியக்காவிளை வழியாகவும் இரவு முழுக்க ஓடுகின்றன. இவற்றுக்கு நடுவே காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர்கள். அவற்றை நினைத்த இடத்தில் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஆடிக் காற்றில் காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் போகும்போது காலி வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். போதாக்குறைக்குக் குற்றால சீசனில் வேன்கள், கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள். சாமிமார்கள் அருவியில் குளித்துக்கொண்டிருக்கும்போது வேன் டிரைவர் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பதை இந்தப் பக்கத்து ஆள் எவரும் பார்த்திருப்பார்கள். திரும்பும்போது அத்தனை பேர் உயிரும் அவர் கையில்தான்.

இடமில்லாவிட்டால் டிரைவர் என்ன செய்வார்? சாலை ஓரத்திலேயே நிறுத்துவார். இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பழைய அளவுகளில் போடப்பட்ட நாலு வழிச்சாலைகளில் ஓரத்துத் தார்ப்பட்டை ஒன்றரை மீட்டர் அகலம். பெரிய லாரியின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். மண் ஓரத்தில் இறக்கினால் லோடு வண்டி மழைநாளில் புதையும் என்று டிரைவருக்குப் பயம். ஆக, வண்டியின் ஒரு பகுதி ஓடுதடத்தில் நீட்டிக்கொண்டுதான் நிற்கும். பின்னால் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரில் புழுதி. மணி இரவு இரண்டு, மூன்று. உடம்பு தானாகவே தூக்கம் கேட்கிற நேரம் அது. பின்னால் வருகிறவரும் அரைத் தூக்கத்தில்தான் வருகிறார். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். மூன்று நொடி கண் சொருகினால் 66 மீட்டர், ஓட்டுநர் இல்லாமல் வண்டி மட்டும் போகிறது.

நாட்டில் 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. 2025 நவம்பரில் ராஜஸ்தானின் பலோடி அருகே, நின்றுகொண்டிருந்த டிரெய்லரில் ஒரு டெம்போ டிராவலர் மோதிப் பலர் இறந்த பிறகு, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத் தாபாக்களைப் பற்றிக் கேட்டது. நல்ல கேள்விதான். ஆனால் அனுமதியில்லாத தாபாவை மூடினால், அங்கே நின்ற வண்டி தாபா இல்லாத இடத்தில் நிற்கும். டிரைவரின் பசியும் தூக்கமும் தாபாவோடு சேர்ந்து இடிபடுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ரொம்பத் தெளிவாக இருந்தது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு. இரவில் தங்க வேண்டியிருக்கும் இடத்தில் ஓய்வறை தர வேண்டும் என்றெல்லாம் சொன்னது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் வேலை நேரத்துக்கு இதையே கைகாட்டுகிறது. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குள் சேர்க்கப்பட்டுவிட்டது.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, ஓய்வறை தர வேண்டியவர் முதலாளி. சாலை போட்டவருக்கு அதில் பங்கே இல்லை. தூத்துக்குடியில் இரண்டு லாரி வைத்திருக்கும் ஓனர் நாங்குநேரியில் ஓய்வறை கட்டுவாரா? இரண்டாவது, ஐந்து அல்லது அதற்கு மேல் தொழிலாளிகள் இருக்கும் நிறுவனங்களுக்கே அந்தச் சட்டம். நம் ஊர் லாரிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு ஓனர்களுடையவை, அதிலும் பலருக்கு ஓனரும் டிரைவரும் ஒரே ஆள். கடன் தவணை கட்டுகிற அந்த ஆளிடம் எட்டு மணி நேர வேலையைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்.

2018-இல் வந்த இன்னொரு மாற்றத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவரை, மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்று விதி. அதை எடுத்துவிட்டார்கள். நடைமுறையில் இரண்டாவது ஆள் பல வண்டிகளில் ஏற்கெனவே இல்லை. கிளீனர் வேலைக்கும் ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் சம்பளம் மிச்சம் பிடிக்கிறார்கள். விளைவு என்ன? வண்டியில் ஒற்றை ஆள். அவர் கீழே இறங்கிப் போனால் லோடுக்குக் காவல் இல்லை. டேங்கில் முன்னூறு லிட்டர் டீசல் இருக்கும். பேட்டரி இருக்கிறது, ஸ்டெப்னி இருக்கிறது, தார்ப்பாயை அறுத்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. திருடு போனால் பேட்டாவில் பிடித்தம். அதனால் டோல்கேட்டில் கழிப்பறை இருந்தும் அவருக்குப் பிரயோஜனம் குறைவு. அங்கே வண்டியை விட்டுவிட்டுப் போக இடம் வேண்டும், விட்டுவிட்டுப் போகத் தைரியமும் வேண்டும். முன்பாவது டோல்கேட்டில் வரிசை நின்றது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு அந்த நிறுத்தமும் சுருங்கிவிட்டது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போனதும் புளியரைப் பக்கம் மணிக்கணக்கில் காத்துக்கிடந்த தொல்லை தீர்ந்தது. கூடவே, விரும்பாமல் கிடைத்த தூக்கமும் போயிற்று.

தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். சித்திரை வெயிலில் என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தால் சிறுநீரகக் கல் வராமல் என்ன வரும்? 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நல்லதுதான். ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்கு அது பொருந்தாது, ஏ.சி. கேபினில் குளிக்கவும் முடியாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 22 மாநிலங்களில் 600-க்கும் மேற்பட்ட இடங்களில் சாலையோர வசதி மையங்கள் அமைக்கப்போவதாக அறிவித்தது. 2024 பிப்ரவரியில் டிரைவர்களுக்காக முதல் கட்டமாக 1,000 நவீன ஓய்வகங்கள் என்று பிரதமர் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் 'ஹம்சஃபர்' கொள்கை வந்தது. பெட்ரோல் பங்குகளையும் சேர்த்துக்கொண்டு கழிப்பறை, குழந்தைகள் அறை, பார்க்கிங், தங்கும் கூடம் எல்லாம் தர வேண்டும் என்றார்கள். எண்ணெய் நிறுவனங்கள் 'அப்னா கர்' என்ற பெயரில் லாரி டிரைவர்களுக்குப் படுக்கைகள் போட்டிருக்கின்றன. 2025 ஜூலைக் கணக்கில் 368 இடங்களில் 4,611 படுக்கைகள். சராசரியாக ஓர் இடத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேர் படுக்கலாம். நாடு முழுவதற்குமான கணக்கு இது.

வசதி மையம் ஏலத்தில் போகிறது, கூடுதல் தொகை கேட்டவர் எடுக்கிறார், பல ஆண்டுக் குத்தகை. குத்தகைக்காரருக்கு வருமானம் எங்கிருந்து வரும்? காரில் வந்து காபியும் தோசையும் சாப்பிட்டு, அல்வா பாக்கெட் வாங்கிக்கொண்டு போகும் குடும்பத்திடமிருந்து. ஒரு டிரெய்லர் நிற்கிற இடத்தில் ஐந்தாறு கார் நிற்கும். டிரெய்லர் டிரைவர் ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு ஒரு டீயோடு கிளம்புவார். நீங்கள் குத்தகைக்காரராக இருந்தால் யாருக்கு இடம் ஒதுக்குவீர்கள்? ஆகவே நாலு வழிச்சாலையில் உணவகங்கள் பெருகியிருக்கின்றன, லாரி நிற்கும் இடம் பெருகவில்லை. ஒப்பந்தங்களில் 'லாரி ஒதுங்குமிடம்' என்று ஓர் இனம் உண்டு. அது பல இடங்களில் ஒரு நீலப் பலகையும் ஒரு துண்டுத் தாருமாகத்தான் இருக்கிறது. தண்ணீர், விளக்கு, காவல் எதுவும் இருப்பதில்லை.

சிறிய மெஸ்காரர் ஒருவர் சாலையோரம் சொந்த நிலத்தில் கடை போடலாமே என்றால், நெடுஞ்சாலையிலிருந்து நுழைவுவழி எடுக்க 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். வேகம் குறைத்து உள்ளே திரும்பத் தனித்தடம் போட வேண்டும், வரைபடம் வேண்டும், கட்டணம் வேண்டும். பெட்ரோல் பங்குக்குக் கட்டுப்படியாகும், புரோட்டா கடைக்கு ஆகாது. இன்னொன்றும் இருக்கிறது: நடுவில் சென்டர் மீடியன். வடக்கே போகிறவருக்கு இருக்கும் கடை தெற்கே போகிறவருக்கு இல்லை. எந்த வசதியாக இருந்தாலும் இரண்டு தடவை கட்ட வேண்டும். மதுரை–கன்னியாகுமரிக்கு அரசின் கொள்கைப்படியே பார்த்தாலும் ஒரு பக்கத்துக்கு நாலு முதல் ஆறு, இரண்டு பக்கமும் சேர்த்து எட்டுக்குக் குறையாமல் வேண்டும்.

திருநெல்வேலி–தென்காசி சாலையோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் விளங்கும். அதுவும் நாலு வழியாக்கப்பட்டதுதான், மாநில நெடுஞ்சாலை. ஆனால் ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டே போகிறது. நெரிசல் இருக்கிறது, திட்டுகிறோம். ஆனாலும் ஒரு லாரிக்காரர் டீ குடிக்க, டயர் பார்க்க, மெடிக்கலில் மாத்திரை வாங்க அங்கே வழி இருக்கிறது. நெல்லை கே.டி.சி. நகரிலிருந்து வாகைக்குளம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் சாலை இதற்கு எதிர்மாறு. ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தானே, இதற்கு ஓய்விடம் எதற்கு என்று கேட்கலாம். துறைமுகத்துக்குப் போகிற வண்டி நாமக்கல்லிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வந்திருக்கும். நுழைவுக்கு முறை வரும்வரை எங்கேயாவது நின்றாக வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது.

ராத்திரி டீக்கடைக்கு வருவோம். 2019-இல் தமிழ்நாடு அரசு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணை போட்டது. டீக்கடையில் பத்துப் பேர் எங்கே? மாஸ்டர் ஒருவர், டம்ளர் கழுவ ஒருவர். பதினொரு மணிக்கு மேல் போலீஸ் வண்டி வந்து 'கடையை அடைங்க அண்ணாச்சி' என்றால் அடைத்துவிட வேண்டியதுதான். அப்புறம் அதே போலீஸ் துறை, சில மாவட்டங்களில் அதிகாலையில் லாரிகளை மறித்து, டிரைவரை முகம் கழுவச் சொல்லி, தன் செலவில் டீ கொடுத்து அனுப்புகிறது. அதைக் குறை சொல்லவில்லை, பல உயிர் தப்பியிருக்கும். ஆனால் ஒரு டீ தருவது கொஞ்ச நேர விழிப்பு. தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான்.

இடம் கட்டிக் கொடுத்தால் எல்லோரும் நிறுத்தித் தூங்கிவிடுவார்கள் என்றும் நான் நம்பவில்லை. ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஆளுக்கு, நிற்கிற ஒவ்வொரு மணியும் நஷ்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். வண்டியில் பொருத்திய கருவி ஓட்டிய நேரத்தைப் பதிவு செய்வதால் ஏமாற்றுவது கடினம். அங்கேயும் லாரி நிறுத்த இடப் பற்றாக்குறை இருக்கிறது, ஜெர்மனியில் இது பெரிய புகார். கருவியும் கண்காணிப்பும் நம் ஊருக்கு வந்தால் டிரைவர் முதலில் கேட்கப்போவது, 'நிறுத்துகிறேன், எங்கே?' என்பதுதான். அதனால் இடம் முதலில் வர வேண்டும்.

நமக்கு ஒத்துவரும் மாதிரி ஜப்பானில் இருக்கிறது. 1993-இல் அவர்கள் 'மிச்சி நோ எக்கி' என்ற சாலையோர நிலையங்களைத் தொடங்கினார்கள். இப்போது 1,200-க்கு மேல். 24 மணி நேரமும் இலவசமாக வண்டி நிறுத்தலாம், கழிப்பறை திறந்திருக்கும். அதை நடத்துவதில் உள்ளூர் நிர்வாகத்துக்குப் பங்கு உண்டு, அந்த ஊர் விளைபொருளை அங்கேயே விற்கிறார்கள். நம் பக்கம் பைபாஸ் வந்து வியாபாரம் படுத்த ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கும் விளம்பரமே வேண்டாம். பைபாஸ் பிரிகிற இடத்தில் ஊராட்சிக்கோ மகளிர் குழுவுக்கோ இரண்டு மூன்று ஏக்கர் கொடுத்து, சுற்றுச்சுவர், போர் தண்ணீர், விளக்கு, கேமரா, காவலாள், கயிற்றுக் கட்டில் என்று தொடங்கினால் போதும். ஆடம்பரக் கட்டடம் வேண்டாம். நிறுத்தக் கட்டணம் வாங்கக் கூடாது; வாங்கினால் பாதிப் பேர் மறுபடி ரோட்டோரத்துக்கே போவார்கள். செலவை டோல் வருமானத்திலிருந்து கொடுக்கச் சொல்ல வேண்டும்.

பழைய சாலைகளில் இதற்கு நிலம் எடுப்பது இனி சிரமம். புதிய சாலைகளில் அப்படியில்லை. திருமங்கலம்–ராஜபாளையம் நாலு வழிச்சாலை ஊர்களை விட்டு விலகித்தான் போகிறது. அது அப்படியே செங்கோட்டை வரை நீளும்போது புளியரை வழியாகப் போகும் கேரள லாரிகள் பலவும் அதில்தான் ஓடும். நெல்லையில் தாழையூத்துக்கும் பொன்னாக்குடிக்கும் நடுவே வரும் மேற்குப் புறவழிச்சாலை முடிந்தால், சிமெண்ட் லாரிகளும் தென்காசிப் பக்கத்து டிப்பர்களும் பேட்டைக்கோ ஜங்ஷனுக்கோ வர வேண்டியதில்லை. அங்கே இன்னும் வயலும் தரிசுமாகக் கிடக்கும் நிலத்தில் லாரி நிறுத்துமிடத்துக்கு இப்போதே குறித்துக்கொண்டால் ஏக்கர் விலையில் முடியும். சாலை திறந்து ஒரு வருடம் போனால் இரண்டு பக்கமும் பிளாட் போட்டுக் கல் நட்டிருப்பார்கள், பிறகு சென்ட் விலைதான் பேச முடியும்.